கடைசியிலிருந்து புறப்பட்ட பஸ்

சங்கரன்கோவிலில் நான் வேலை பார்ப்பது ஒரு பிளெக்ஸ் கடையில். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க அடுத்தவர் முகங்களை வெட்டி ஒட்ட வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் ஒரு படக்கதை வரைந்துகொண்டிருந்தேன். வீட்டில்கூடச் சொன்னதில்லை. காலத்தில் முன்னும் பின்னும் போகிற ஒரு டவுன் பஸ். அதில் ஒரு பெண் கண்டக்டரும் தறி ஓட்டும் அவள் தோழியும். கோடையில் கரிசல்காட்டு வெடிப்புக்குள்ளிருந்து ஏறி வரும் ஒரு பூதம். பூதத்துக்குத் தீனி ஓசைதான். அது ஒரு தெருவுக்குள் நுழைந்தால் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது.

அந்தப் பூதத்தை முதலில் பார்த்தவர் ஓர் அண்ணாச்சி. நையாண்டி மேளத்தில் உறுமி வாசிப்பவர், வயது ஐம்பதை நெருங்கும். தன் குழுவுக்கு பேனர் அடிக்க வந்தவர் என் திரையை எட்டிப் பார்த்து, இது எந்த ஊர்க் கோயில் கொடைக்கு என்று கேட்டார். கொடைக்கு இல்லை, கதைக்கு என்றேன். காட்டச் சொன்னார். உதட்டை அசைத்து அசைத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்து வந்தவர், இசைதான் பஸ்ஸை ஓட்டுகிறது என்ற இடத்தில் நின்றுவிட்டார். அங்கே நான் ஓர் உறுமியை வரைந்து, பக்கத்தில் ‘டம் டம்’ என்று எழுதியிருந்தேன்.

“தங்கச்சி, உறுமி டம்முன்னு சொல்லாது.”

மறுநாள் மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம், உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். வளைந்த குச்சியால் ஒரு பக்கத்துத் தோலை உரசினார். அடிவயிற்றிலிருந்து ஏதோ எழுந்து தொண்டைக்கு வருவதுபோல ஒரு முனகல். மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குக் கைமயிர் சிலிர்த்துவிட்டது. ‘ம்ம்ர்ர்ரூஉஉம்’ என்று எழுதினேன். பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு ‘ர்’ போடச் சொன்னார். பிறகு நேர்க்குச்சியால் மறுபக்கத்தை அடித்தார். அடித்தபடியே, உரசினால் பஸ் காலத்தில் பின்னால் போகட்டும், அடித்தால் முன்னால் போகட்டும் என்றார். இரண்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த விஷயம் அது. அன்று காதுகுத்து பேனரில் தாய்மாமன் படத்தைத் தலைகீழாக வைத்து முதலாளியிடம் திட்டு வாங்கினேன். ஒன்றும் உறைக்கவில்லை.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை வருவார். சண்டையும் போட்டோம். கதை முடிவில் பூதம் வெடித்துச் சிதற வேண்டும் என்பது என் ஆசை. பசிக்குத் தின்ற பூதத்தை எதற்குக் கொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு வாரம் இழுத்த வழக்கு அது. கடைசியில் பூதத்துக்கு அளவுக்கு மீறி மேளம் வாசித்துக் காட்டுவது, அது செரிக்காமல் ஓர் ஏப்பம் விடுவது, தின்ற ஓசையெல்லாம் ஊருக்கே திரும்பி வருவது, பூதம் பூனைக்குட்டி அளவுக்குச் சுருங்கிப்போவது என்று முடித்தோம். ஏப்பத்துக்கு மட்டும் இரண்டு பக்கம் முழுசாக வரைந்தேன்.

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வாசகர் கூட்டத்தார் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாசித்துக் காட்டச் சொன்னார்கள். சிவகாசியில் அச்சடித்த புத்தகக் கட்டு அன்று காலைதான் பஸ்ஸில் வந்து இறங்கியது. மேலட்டையை மட்டும் தடவிப் பார்த்தேன். ஆட்கள் முன்னால் பிரிப்போம் என்று அண்ணாச்சி தடுத்துவிட்டார்.

நாற்பது பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துவிட்டு, நானும் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். முதல் பக்கத்தைத் திருப்பினால் பூதம் வீங்கிப்போய்ப் படுத்திருக்கிறது. தைக்கும்போது பின்பாதி முன்னால் வந்துவிட்டது. எல்லாப் பிரதியும் அப்படித்தான். அச்சுக்காரரைக் குறை சொல்லவும் வழியில்லை, படம் கெட்டுவிடும் என்று பக்க எண் போடாமல் விட்டது நான்தான்.

அண்ணாச்சி பக்கம் குனிந்து, “கதையோட கடைசிப் பாதி முன்னால நிக்குது அண்ணாச்சி,” என்றேன்.

“நிக்கட்டும். நீ பாட்டுக்கு வாசி. நான் கூடயே வாரேன்.”

வாசித்தேன். ஏப்பம் வந்தது, உறுமியும் கூடவே ஏப்பம் விட்டது, கூடம் சிரிப்பில் குலுங்கியது. பூதம் சுருங்கியது. கதை முடிந்தது. ஆனால் கையில் இன்னும் பாதிப் புத்தகம் இருந்தது. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் நின்றபோது அண்ணாச்சி வளைந்த குச்சியை எடுத்து நீளமாக உரசினார். பஸ் பின்னால் போனது. பக்கத்தைத் திருப்பினேன். கண்டக்டர் முதல் விசிலை ஊதினாள்.

முடிவு தெரிந்துவிட்டதே என்று யாரும் சலிக்கவில்லை. வெடிப்புக்குள்ளிருந்து பூதம் முதல்முறை தலையை நீட்டும் பக்கத்தில், பயப்படுவார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்த இடத்தில், முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா, “ஐயோ, பசியோடல்லா வருது,” என்றார். பீடி சுற்றும் பெண், கூட்டத்துக்கு வாராவாரம் வருபவராம். அவர் சொன்னதும் கூடம் மொத்தமும் பூதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

கடைசிப் பக்கத்தில் பூதம் பஸ்ஸை விழுங்க வாயைத் திறந்தபடி இருக்க, அட்டை வந்துவிட்டது. தையல் மாறிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அந்த அக்கா புத்தகத்தை மூடி மறுபடி முதலிலிருந்து திறந்தார். வாயைத் திறந்த பூதம் அங்கே தின்று வீங்கிப் படுத்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் பார்த்தார், அவரும் திறந்தார். அப்புறம் நாற்பது புத்தகமும் ஒன்றாகப் புரண்டன. அண்ணாச்சி எழுந்து நின்று அடிக்க ஆரம்பித்தார். நான் வாசிக்கவே தேவையிருக்கவில்லை. தறிச் சத்தம், விசில், குலவை, உறுமி எல்லாவற்றையும் அவர்களே பக்கம் பார்த்து எழுப்பினார்கள். ஏப்பம் வந்தபோது வெளியே போய்க்கொண்டிருந்த ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

பிறகுதான் உண்மையைச் சொன்னேன். சரியான புத்தகம் வந்ததும் மாற்றித் தருகிறேன், இதைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஒருவரும் கொடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் மறுபடி சண்டை. அடுத்த அச்சிலும் இப்படியே விடலாம் என்றார் அண்ணாச்சி. முடியாது, பக்க எண் போட்டு ஒழுங்காக அடிப்பேன் என்றேன். என் சொல்படிதான் அடித்தேன். ஒழுங்கான பிரதி ஒன்றை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது புரட்டிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று மரியாதைக்குச் சொன்னார். கச்சேரிக்குப் போகும் பையில் அவர் வைத்திருப்பது பழையதைத்தான்.