பெட்டி அழித்த புள்ளி

என் மாமாவுக்கு மங்கலான படத்தைக் கண்டால் பொறுக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வருவதற்குள் ரிமோட்டைக் கேட்டு வாங்கிவிடுவார். செத்தவீட்டுக்குப் போனாலும் அங்கே டிவியின் நிறத்தைத் திருத்தாமல் வரமாட்டார் என்று அம்மா பகிடி பண்ணுவார். கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை. சம்பளத்தில் பாதி வயர்களுக்கே போய்விடும். இப்படிப்பட்டவருக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது அம்மாவின் நிரந்தரக் கவலை.

சண்டை முடிந்த அடுத்த வருடம்தான் வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பெரியம்மா வந்து சேர்ந்தார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்த அக்கா. வன்னியிலிருந்து முகாமுக்குப் போய், முகாமிலிருந்து எங்களிடம் வந்திருந்தார். அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணா, சண்டையின் கடைசி நாட்களில் சனத்துக்குள் தொலைந்துபோனவன்.

அண்ணா உயிரோடு இருக்கிறான் என்பதற்குப் பெரியம்மாவிடம் இருந்த ஒரே சாட்சி ஒரு சீடி. வெளிநாட்டு டிவி ஒன்றில் போனதை யாரோ பதிந்து கொடுத்திருந்தார்கள். பஸ் ஏறுவதற்குச் சனம் வரிசையில் நிற்கும். நடுவில் ஒரு பெடியன் ஒருதரம் திரும்பிப் பார்ப்பான். சாயல் அண்ணாவின் சாயல்தான், ஆனால் படம் முழுக்கப் புள்ளி. இடது கன்னத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பொட்டுத் தெரியும். அண்ணாவுக்கும் அதே இடத்தில் மச்சம். பின்னேரம் சாமிக்கு விளக்கு வைத்த கையோடு பெரியம்மா அந்தச் சீடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். என் கார்ட்டூன் நேரம் அது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அக்கா புள்ளிகளுக்குள் மகனைத் தேடுவதை மாமாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு நாள் வீடியோ புரொசெசர் என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். படம் டிவிக்குப் போவதற்கு முன்னால் இந்தப் பெட்டி அதைக் கழுவித் துடைத்து அனுப்புமாம். முதலில் கிரிக்கெட் மெட்ச் போட்டுக் காட்டினார். மைதானத்துப் புல் தனித்தனியாகத் தெரிந்தது. நான் கைதட்டினேன்.

பிறகு சீடி. பெரியம்மா சேலைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையை முன்னால் இழுத்தார். பெடியன் திரும்பிய இடத்தில் மாமா படத்தை நிறுத்தினார். ரிமோட்டை ஒவ்வொரு தரம் அமத்தும்போதும் புள்ளிகள் குறைந்தன. மூக்கு தெரிந்தது, புருவம் தெரிந்தது. கன்னம் துடைத்துவிட்டாற்போல் வந்தது.

“மச்சம் எங்க, தம்பி?”

மாமாவின் விரல் நின்றுவிட்டது. “இது புள்ளியெல்லாத்தையும் அழிக்கும் அக்கா. சிலவேளை மச்சத்தையும் புள்ளியெண்டு நினைச்சு அழிச்சிருக்கும்.”

“அப்ப அது மச்சம்தானே?”

மாமா பயந்துபோயிருந்தார் என்று இப்போது விளங்குகிறது. சட்டென்று பெட்டியின் வேலையை நிறுத்தினார். புள்ளிகள் எல்லாம் திரும்பி வந்தன, கன்னத்துப் பொட்டும் வந்தது. பெரியம்மாவுக்கு மூச்சு வந்தது.

“உன்ர பெட்டியைக் கழட்டு தம்பி. எனக்கு இந்தப் புள்ளிப் படமே காணும்.”

பெட்டி போனால் மெட்சும் பழையபடி மங்கிவிடுமே என்று எனக்கு அழுகை முட்டியது. டிவிக்குக் கிட்டப் போய் நின்றேன். நிறுத்தி வைத்த அந்தப் படத்தை அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அழுகை மறந்துபோனது.

“பெரியம்மா, பக்கத்தில நிக்கிற மாமிக்கும் மச்சம் இருக்கு! அந்தத் தாத்தாவுக்கும் இருக்கு! இஞ்ச பாருங்கோ, பஸ்ஸுக்கும் மச்சம்!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா நான் விரல் வைத்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

“ஓம் பிள்ளை. எல்லாருக்கும் இருக்குத்தான்.”

மாமா வயரைக் கழற்றப் போனபோது பெரியம்மாவே தடுத்தார். “கிடக்கட்டும் தம்பி. பிள்ளை மெட்ச் பாக்கட்டும்.”

அதன் பிறகு பெரியம்மா அந்தச் சீடியைப் போடவேயில்லை. பின்னேரங்கள் முழுக்க எனக்கே கிடைத்தன. பெரியம்மாவைச் சிரிக்க வைத்தது நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் பல நாள் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.