கருவாட்டுக் களத்தில் கற்ற எட்டு

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் ரோலர் ஸ்கேட்டிங்கில் மாநில அளவில் நான்கு முறை முதல் பரிசு. நாவலூரில் இந்த ஃபிளாட்டை வாங்கியது என் கால்தான், யாரும் தூக்கிவிடவில்லை.

என் ஆட்டத்துக்கு ஃபிகர் என்று பெயர். தரையில் வரைந்த இரண்டு வட்டங்களின் மேல் ஒற்றைக் காலில் போய், நடுவில் கால் மாற்றி, எட்டு போட வேண்டும். சக்கரம் கோட்டை விட்டு விலகினால் மார்க் போச்சு.

கற்றது கடப்பாக்கத்தில், கருவாடு காயவைக்கும் சிமென்ட் களத்தில். மீன் பரப்ப வரும் அக்கா கத்துவாள்: "டேய், மீனு மேல வுட்டே, உன்னியும் உப்பு தடவிக் காயப் போட்ருவேன்!"

தண்ணீர் வடிய அந்தக் களத்தைக் கடல் பக்கம் சரித்துக் கட்டியிருந்தார்கள். சென்னையில் முதல் போட்டி நடந்ததோ சமமான மரத்தரையில். இல்லாத சரிவுக்குச் சாய்ந்து நடுவர் மடியில் போய் விழுந்தேன். அந்தச் சாய்வை மறக்க இரண்டு வருடம். மறந்த பிறகு என் எதிரில் எவன் நின்றான்?

இப்போது வயது அறுபத்து நான்கு, வலது முட்டி தேய்ந்துவிட்டது. மூத்தோர் போட்டி வருகிறது. படிவத்தில் வீட்டார் கையெழுத்து வேண்டும். சிறுசேரியில் வேலை செய்யும் மகளிடம் நீட்டினேன்.

"இன்னா நைனா, படி ஏறவே கம்பியப் புடிச்சிகினு கீற. வுழுந்தா யாரு பாக்கறது? என் எதிர்ல ஒரு எட்டு போடு. வுழாம போட்டா கையெழுத்து."

கீழே கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். சாக்பீஸால் வட்டம் போட்டேன். அசராமல் எட்டு முடித்தேன். காரின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தத் தரை சாக்கடைத் துளையைப் பார்த்துச் சரிந்தது. தெரிந்தேதான் அங்கே போனேன். களத்தில் பழகிய பழைய சாய்வு திரும்பி வந்து முட்டியின் வேலையைப் பார்த்துக்கொண்டது. போட்டித் தரையில் அது நடக்காது. இரண்டு நாள் லிஃப்டில் சும்மா ஏறி இறங்கினேன். டீ கூட உட்கார்ந்து குடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை மொட்டை மாடியில், பந்து விளையாடச் சமமாகப் போட்ட தரையில் வட்டம் வரைந்து மகளை அழைத்தேன்.

"அது சரிவு. இது சமம். மறுபடி பாரு."

"ஏமாத்துனியா நைனா?" என் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

முதல் வட்டம் சுத்தமாக வந்தது. கால் மாற்றும்போது முட்டி ஆடியது. அவள் கை நீட்டினாள், நான் பிடிக்கவில்லை. கோட்டை விட்டு ஒரு சாண் விலகி, திரும்பி வந்து நின்றேன்.

"மார்க் போச்சு நைனா."

"வுழலை இல்ல? கொண்டா அந்த ஃபாரத்த."