ஒரு டிஷ், இரண்டு பொக்ஸ்

கலஹாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்ட லயங்களில் முக்கால்வாசி டிஷ்களை மாட்டியவர் லூக்காஸ். கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் அவர் மாட்டிய ஒரு டிஷ் இரண்டு வருடத்தில் ஒரு பல்லையும் நான்கு கூரைத் தகரங்களையும் ஒரு நாயையும் காவு வாங்கியிருந்தது.

டிஷ் ஒன்று, வீடு இரண்டு. நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் ராஜலிங்கம். அந்தப் பக்கம் அவருடைய தங்கையைக் கட்டிய சுமன். இவரிடம் புது ரிசீவர் பொக்ஸ், அவனிடம் பழையது. ஒருவர் சேனலை மாற்றினால் மற்றவர் திரை கறுத்துவிடும். பல் சுமனுடையது. நாய் ராஜலிங்கத்துடையது.

எந்தப் பொக்ஸ் நல்லது என்று தீர்ப்புச் சொல்ல, ஞாயிறு பூசை முடிந்த கையோடு லூக்காஸை ஏணியும் கையுமாக அழைத்துவந்தார்கள். இரண்டு டீவியும் வாசலுக்கு வந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். இரண்டிலும் சிக்னல் எழுபத்தெட்டு.

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

சமாதானத்துக்கு ஏற்ற பதில். அதனாலேயே இருவருக்கும் பிடிக்கவில்லை.

"அதெப்படிண்ணே? அவன் பொக்ஸ் அவன மாதிரியே செத்தது," என்றார் ராஜலிங்கம்.

"ரெண்டையும் ஒண்ணா போடுங்கண்ணே. மச்சான் மூஞ்சி கறுக்குறத லயமே பாக்கட்டும்," என்றான் சுமன்.

போட்டார். சுமன் ரிமோட்டை அழுத்த, ராஜலிங்கத்தின் திரை கறுத்தது. மறுநொடி அவர் இடுப்பிலிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி சுமனின் முன்கையில் இறங்கியது. திரையில் ரத்தம் தெறித்தது. விழுந்த இடத்திலேயே கல்லைப் பொறுக்கி, சுமன் அவர் நெற்றியைப் பிளந்தான். கத்தி மறுபடி ஓங்கியது, இம்முறை கழுத்துக்கு.

லூக்காஸுக்கு அப்போதுதான் உறைத்தது. டிஷ் மாட்டிய அன்று மழைக்குப் பயந்து, மறுபடி ஏணியில் ஏறச் சோம்பல்பட்டு, ஒரே வயரைக் கூரையடியில் இரண்டாகப் பிரித்தவர் அவரே. டிஷின் தலையோ ஒரு நேரத்தில் ஒரு பொக்ஸின் பேச்சைத்தான் கேட்கும்.

வாயை மூடினால் சுமன் போவான். திறந்தால் கத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

"பொக்ஸுல ஒண்ணுமில்லீங்க! வயர நாந்தான் பிழையா பிரிச்சேன்!"

கத்தி நின்றது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக மச்சான்மார் இருவரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். ராஜலிங்கம் கத்தியை எறிந்துவிட்டு லூக்காஸின் ஏணியைத் தூக்கினார். சுமனுக்கு ஒரு கைதான் உதவியது; அதனால் ஏணியைச் சேர்ந்தே பிடித்து அடித்தார்கள்.

லூக்காஸுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிவு, விலா மூன்று. சுமனுக்குப் பதினான்கு தையல், ராஜலிங்கத்துக்கு ஆறு. பொலிஸிடம் மூவரும் ஏணி சறுக்கியது என்றார்கள். ஆஸ்பத்திரியில் லூக்காஸுக்குப் பக்கத்தில் மச்சான்மார் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பாண் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டார்கள்.

"கை சரியானதும் நீங்கதான்ணே வந்து வயர மாத்தணும். வேற ஆள நம்ப முடியாது," என்றார் ராஜலிங்கம்.

லூக்காஸ் தன் மாவுக்கட்டுக் கையைப் பார்த்தார்.

"வர்றேன். ஆனா நான் எறங்குற வரைக்கும் ரெண்டு பேரும் ஏணிய விட்டுக் கைய எடுக்கக் கூடாது."