புதன்கிழமை பெஞ்சு

எங்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொக்கி என்று பெயர். டாக்டர் மருந்து எழுதுவார். நர்ஸான நான் எடை பார்ப்பேன். மருந்தால் தீராததெல்லாம் கொக்கியின் மேசைக்குப் போகும். வீட்டில் சோறு இல்லையா, அப்பன் ஓடிவிட்டானா, கூரை ஒழுகுகிறதா, அவளிடம் சொன்னால் போதும். சமைத்துத் தரும் பக்கத்துத் தெருப் பெண்கள், காசு வாங்காத வக்கீல், பழைய தொட்டில் வைத்திருப்பவர்கள் என்று ஆளோடு ஆளைக் கோத்துவிடுவாள். புண்ணியவதி என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் வன்மம் பிடித்தவள் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

தன் மகன் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருந்தாள். சுவரெல்லாம் ஈரம், கறுப்பாகப் பூஞ்சை. பையனுக்கு மூச்சு இழுத்தது. சுவரைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டதற்கு வீட்டுக்காரர், "செவுரு என்னம்மா பண்ணும்? உங்க பரம்பரையில சீக்கு இருக்கும்" என்றார். மறுபடி கேட்டதற்குச் சாமான்களைத் தூக்கி மழையில் வைத்தார். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் வளர்ந்த பிறகும் மாடி ஏறினால் பாதியில் நின்றுவிடுவான்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே அந்த வீட்டுக்கார மனுஷனுக்காகத்தான்.

அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் இருமிக்கொண்டு வருவார்கள். தாய்மார்கள் தனித்தனியாக வந்து தனித்தனியாகப் பயப்படுவார்கள். வாயைத் திறந்தால் வீடு போய்விடுமே. கொக்கி யாரையும் தூண்டிவிடவில்லை. அடுத்த தடவை வருவதற்கு எல்லோருக்கும் புதன்கிழமை காலையையே கொடுத்தாள், அவ்வளவுதான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் பேசாமல் இருப்பார்களா? ஒவ்வொருத்திக்கும் பரம்பரைச் சீக்கு என்றுதான் அவர் சொல்லியிருந்தார். "அப்ப நாமெல்லாம் சொந்தக்காரங்களா?" என்று ஒருத்தி சிரித்தாள். அடுத்த புதன்கிழமை வக்கீலும் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

வக்கீல் நோட்டீஸ் போனதும் வீட்டுக்காரர் பூஞ்சைக்கு மேலேயே பெயின்ட் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்றார்.

பிறகு ஒருநாள் அவரே வந்தார், மூச்சு இழுக்கும் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு. கணவனை விட்டு வந்த மகளை அந்தத் தரைத்தளத்தில்தான் குடிவைத்திருந்தாராம். தான் அடித்த பெயின்டில் தானே ஏமாந்துவிட்டார். மூக்கில் மருந்துப் புகை வைத்ததும் பிள்ளை தேறியது. கொக்கியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் புதன்கிழமை வரச் சொன்னாள்.

அன்றைக்கு அவருக்கு இரண்டு பக்கமும் அவருடைய குடித்தனக்காரர்கள். டாக்டர் சுவர்தான் காரணம் என்று சொல்ல, என்ன செய்வதென்று கேட்டு அவர் கொக்கியின் மேசைக்கு வந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"செவுரு என்னங்க பண்ணும்? உங்க பரம்பரையில சீக்கு இருக்கும்."

பெஞ்சு முழுக்கக் கேட்டது. அப்போதுதான் அவருக்கு அவள் யாரென்று தெரிந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

மகள் வீட்டை மட்டும் உடனே சரிசெய்கிறேன் என்றார். தண்ணீர் மேல்மாடிக் குழாயிலிருந்து இறங்குகிறது, மேலேயிருந்துதான் உடைத்துக்கொண்டு வர வேண்டும் என்று வக்கீல் கூட்டிவந்த கொத்தனார் சொன்னார். "உங்க வீடு கடைசி" என்றாள் கொக்கி.

அதுவரை தாயையும் பிள்ளையையும் சமைத்துத் தரும் பெண்களில் ஒருத்தி வீட்டில் தங்கவைத்தாள். அந்தப் பெண்ணும் அவர் ஒரு காலத்தில் வெளியே தள்ளியவள்தான். கொக்கி பார்த்துப் பார்த்துத்தான் அவளைப் பிடித்தாள். பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் அந்தக் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டு நிற்க வேண்டும். தினமும் நின்றார்.

மழைக்கு முன்னால் எல்லா வீட்டுச் சுவரும் உடைத்துப் பூசியாகிவிட்டது. கடைசிப் புதன்கிழமை பேத்தியைக் கூட்டிவந்தார். அவள் பெஞ்சைச் சுற்றி ஓடினாள். அவர் கொக்கியின் முன்னால் கைகூப்பி, "மன்னிச்சிரும்மா" என்றார்.

"என் பையன் இன்னும் பாதிப் படியிலதான் நிக்கிறான்" என்றாள் அவள். "அவன் மேல வந்து சேர்ந்ததும் சொல்லி அனுப்புறேன்."

பிறகு அடுத்த தாயை உட்காரச் சொல்லி, அவள் யார் வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.