அக்கா தைத்த செருப்பும் பூட்டிய பீரோவும்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் என்றால் முதல் பக்கத்தில் முருகன் படம், அடுத்த பக்கத்தில் மறைந்தவர் படம், பிறகு அவர் யாருக்கும் தீங்கு நினைக்காதவர் என்று ஒரு கட்டுரை. இந்த வரிசையை நான் மாற்றவில்லை. அக்கா யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை என்பதும் உண்மையே. ஆனால் ஒருவர் மீது கடைசி வரை கோபமாக இருந்தார். அதை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாரோ ஒருவருடைய அக்காவைப் பற்றிய கட்டுரையாக ஆகிவிடும்.

அக்கா பிறந்தது கொமரலிங்கத்தில், தறி போட்ட வீட்டில். சிறு வயதில் வந்த காய்ச்சல் இளம்பிள்ளை வாதமாக முடிந்து, இடது கால் சிறுத்துக் குட்டையாகிப் போனது. அப்பா பழநிக்கு வேண்டிக்கொண்டார். கோயமுத்தூரில் வைத்தியமும் பார்த்தார். இரண்டும் ஒரே அளவில் பலித்தன. பிறகு தறியை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்து சேர்ந்தார்.

அக்கா அஞ்சல் வழியில் பி.காம். முடித்து ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதினார். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார்கள். சில முறைக்குப் பிறகு அக்கா, "போதுமுங்கப்பா, இனிமே காப்பித்தூள் வேஸ்ட் பண்ண வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார். அதன் பின் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

கடையில் செருப்பை ஜோடியாகத்தான் விற்பார்கள். அக்காவுக்கு இரண்டு காலும் இரண்டு அளவு. ஆகவே இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றில் ஒன்றை ஒதுக்குவார். அப்படியும் இடுப்பு வலிக்கும். திருப்பூர் வீரபாண்டியில் சாலையோரம் செருப்பு தைத்துக்கொண்டிருந்த அந்தோணி அண்ணன் ஒரு நாள் அக்கா நடந்து வருவதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அம்மிணி, இந்தச் செருப்பு உங்குளுக்குத் தெச்சதில்லீங்க. நீங்கதான் அதுக்குத் தக்கன நடந்துட்டு இருக்கறீங்க."

அவர் அக்காவின் இரண்டு காலையும் தாளில் வரைந்து, இடது அடியை உயர்த்தி ஒரு செருப்பு தைத்தார். வலி குறைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் அக்கா அவர் அருகில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சில வருடங்களில் கணக்கு வேலையை விட்டுவிட்டு, அந்தோணி அண்ணனோடு சமபங்கில் செருப்புப் பட்டறை தொடங்கினார்.

நம் உறவினர்களுக்கு இதில் இரண்டு அதிர்ச்சிகள். ஒன்று, அக்கா தோலைத் தொட்டது. மற்றொன்று, அந்தோணி அண்ணனோடு ஒரே தூக்குப்போசியிலிருந்து சோறு பகிர்ந்து சாப்பிட்டது. முதலாவதைத்தான் வெளியே சொன்னார்கள். கல்யாண அழைப்பிதழ் தபாலில் வரும், ஆள் வராது. வந்த ஓரிருவரும் வாசலில் நின்றபடியே, "தண்ணி வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தோம்" என்பார்கள். நம் உறவில் இத்தனை பேர் தாகமே இல்லாமல் வாழ்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பட்டறையில் தாகம் உள்ளவர்கள் சேர்ந்தார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து மில் வேலைக்கு வந்து, அங்கே இருக்கப் பிடிக்காமல் வெளியேறிய செல்லத்தாய். ஒரிசாவிலிருந்து வந்த பிஜய். இன்னும் நான்கைந்து பேர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிஜய் பழைய சோறு கொண்டுவந்தால் செல்லத்தாய் விடமாட்டார்.

"ஏலே, ரயிலேறி ரெண்டு நாளு வந்தது இந்தப் பழைய சோத்தைத் திங்கவாலே?"

"எங்க ஊர்ல இதுக்குப் பேரு பகாள். சாமிக்குப் படைக்கும்."

"எங்க ஊருல எருமைக்குப் படைப்போம்."

அக்கா சிரித்துக்கொண்டே ஊறுகாயை பிஜய் பக்கம் தள்ளுவார்.

கிருத்திகை நாளில் அக்கா மலையேறுவதில்லை, ஏறவும் முடியாது. அன்று கால் ஊனமுற்ற ஒருவருக்குக் காசு வாங்காமல் செருப்பு தைத்துக் கொடுப்பார். "கிருத்திகையும் அதுவுமாத் தோலைத் தொடறா" என்று ஒரு பெரியம்மா குறைப்பட்டுக்கொண்டார். அக்கா சொன்ன பதில்: "முருகன் ஏறி வர்ற மயிலோட காலு நல்லா இருக்குதுங்க பெரீம்மா. நான் கால் நல்லா இல்லாதவங்களைப் பாக்கறேன்."

பட்டறையில் மாற்ற முடியாத ஒரு வழக்கம் இருந்தது. செருப்பைக் காலில்தான் கொடுப்பார்கள். கையில் கொடுக்க மாட்டார்கள். யாருக்காகத் தைத்ததோ அவரே வர வேண்டும். போட்டுக்கொண்டு எதிரே உள்ள டீக்கடை வரை நடந்துவிட்டுத் திரும்ப வேண்டும். "கடிச்சாச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க" என்பார் அக்கா. பேக்கரி முதலாளி ஒருவர் காரில் இருந்தபடி டிரைவரை அனுப்பினார். டிரைவர் வெறுங்கையோடு திரும்பினார்.

இந்த வழக்கத்தை அக்கா ஒரே ஒருவருக்காகத்தான் மீறினார். அவர் எங்கள் சித்தப்பா மகன். சித்தப்பாவுக்கு மூன்று மகன்கள். மூவருமே சாயப்பட்டறை நடத்துகிறார்கள். ஆகவே நான் யாரையும் குறிப்பிட்டுச் சொன்னதாக ஆகாது.

சாயப்பட்டறையில் தரை எப்போதும் ஈரம். கொதிநீரும் காஸ்டிக்கும் ப்ளீச்சிங் தண்ணீரும் காலடியில் ஓடும். அதில் வெறுங்காலோடும் ஹவாய் செருப்போடும் நிற்பவர்களின் விரலிடுக்கு வெந்து பிளந்துவிடும். அவர்களுக்கென்று அக்காவும் அந்தோணி அண்ணனும் ஒரு செருப்பு செய்தார்கள். கனத்த ரப்பர் அடி, மூடிய முன்பக்கம், பின்னால் வார். வெளிநாட்டில் பனியன் வாங்குகிறவர்கள், இங்கே தொழிலாளரை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. அதற்கு 'ஆடிட்' என்று பெயர். சித்தப்பா மகன் அக்காவைத் தேடி வந்தார்.

வந்தவர் வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து, அந்தோணி அண்ணனின் ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த டீயை முழுவதும் குடித்தார். அக்காவின் முகத்தை அன்று நான் பார்த்தேன். அந்த டீக்குப் பிறகு அவர் எதைக் கேட்டிருந்தாலும் அக்கா சரி என்றிருப்பார்.

"என்ற ஆளுக எல்லாத்துக்கும் தெச்சுக் குடுங்கக்கா. ஷிப்டு நேரத்துல ஒவ்வொருத்தனா அனுப்ப முடியாதுங்க. மொத்தமா ஸ்டோருல எறக்கிருங்க, நான் குடுத்தர்றேன்."

அக்கா சாயப்பட்டறைக்கே போய், தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் காலையும் தாளில் வரைந்தார். செருப்புப் பட்டறை முழுவதும் இரண்டு மாதம் அந்த வேலைதான். செருப்புகள் மூட்டையில் கட்டி ஸ்டோரில் இறக்கப்பட்டன. யாரும் டீக்கடை வரை நடந்து காட்டவில்லை.

சில மாதம் கழித்து பிஜய் தன் அறைத்தோழன் ஒருவனை அழைத்துவந்தான். அதே சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவன். காலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்ததும் அக்காவுக்கு அந்தப் பாதம் அடையாளம் தெரிந்தது. அவரே வரைந்த பாதம்.

"உனக்குச் செருப்பு குடுக்கலையா கண்ணு?"

அவன் இந்தியில் ஏதோ சொன்னான். பிஜய் தமிழில் சொன்னான்: "குடுத்தாங்க அக்கா. வெள்ளைக்காரன் வந்தா போடணும். போனா கழட்டணும். அப்புறம் பீரோ, பூட்டு."

அக்கா அன்றே கிளம்பினார். நானும் உடன் போனேன். சித்தப்பா மகன் வரவேற்று, ஏசி அறையில் உட்கார வைத்தார்.

"ஏம்ப்பா, செருப்பைப் பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கறயாமா?"

"குடுத்தா அடுத்த வாரமே போட்டுட்டு ஊருக்கு ஓடிருவானுகங்கக்கா. கம்பெனிச் சொத்துங்க அது."

"காலு?"

"அக்காகிட்டப் பேசி செயிக்க முடியுமுங்களா?" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணுங்க, போன ஆடிட்டுல வந்த வெள்ளைக்காரம்மா உங்க செருப்பைக் கையில எடுத்துப் பாத்து, நாலு போட்டோ புடிச்சுதுங்க. அத்தனை நேர்த்தி!"

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "நீதான் எல்லாச் சட்டமும் படிச்சவனாச்சே, மனு எழுதினா என்னாகும்?" என்று கேட்டார். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். மனு நடக்கும் பாதையை ஒவ்வொரு மேசையாகச் சொன்னேன். பெறப்படும், எண் இடப்படும், மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்படும், ஆய்வுக்குத் தேதி குறிக்கப்படும், அந்தத் தேதி உரியவருக்கு எப்படியும் தெரிந்துவிடும். அன்று எல்லோர் காலிலும் செருப்பு இருக்கும்.

"அப்ப அதுவும் ஒரு ஆடிட்டுத்தான்," என்றார் அக்கா.

ஆகவே நான் வேறு வழி சொன்னேன். ஆடிட்டில் காட்ட அவருக்கு ஆண்டுதோறும் புதுச் செருப்பு வாங்கிய பில் வேண்டும். அடுத்த ஆண்டுக்கான ஆர்டரில் ஒரு விதி சேர்த்தோம்: தேய்ந்த பழைய செருப்பைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது தரப்படும். பூட்டிய செருப்பு தேயாது அல்லவா. சித்தப்பா மகன் படிக்காமல் கையெழுத்திட்டார். எங்கள் குடும்பத்தில் நான் எழுதிய எதையும் யாரும் படித்ததில்லை.

படித்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. ஆண்டு முடிவில் மூட்டைகள் வந்தன. பிரித்தால், எல்லாம் தேய்ந்த செருப்புகள். அந்தோணி அண்ணன் இரண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு. அக்காவும் பார்த்தார். மனிதர்கள் நடந்தால் ஒருவருக்குக் குதிகால் தேயும், ஒருவருக்கு வெளிவிளிம்பு தேயும். இவை எல்லாம் இட்லித் தட்டு போல ஒரே சமமாகத் தேய்ந்திருந்தன.

"மிலிட்டரிக்காரங்களாட்ட நடந்திருக்கறாங்க அம்மிணி," என்றார் அந்தோணி அண்ணன். செல்லத்தாய் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

பிஜயின் தோழனிடம் கேட்டதில் விஷயம் தெரிந்தது. செருப்பின் அடியைச் சாணை மிஷினில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்தது அந்தத் தொழிலாளர்களேதான்; அதற்கு ஓவர்டைம் கொடுத்தார்களாம்.

"அவங்க கால்ல தேய வேண்டியதை அவங்க கையாலயே தேய்க்க வெச்சுட்டானே," என்றார் அக்கா. அதை அவர் என்னிடம் சொன்னது போலவும் இல்லை, யாரிடமும் சொன்னது போலவும் இல்லை.

அக்கா புதிய செருப்பு கொடுக்க மறுத்துவிட்டார். தேய்க்காமல் மிச்சமிருந்தவை சாயப்பட்டறை பீரோவிலேயே இருந்தன. அவற்றையாவது வெளியே கொண்டுவர வேண்டும் என்பதே அதன் பிறகு அக்காவுக்கு ஒரே எண்ணமாக இருந்தது. மாதம் ஒருமுறை ஆட்டோ பிடித்துப் போய், வாசலில் உட்கார்ந்து, சாவி கேட்பார். சித்தப்பா மகன் டீ வரவழைப்பார். இப்போது அக்கா குடிக்க மாட்டார்.

அந்த ஆர்டர் போனதில் பட்டறை தளர்ந்தது. இரண்டு பேர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். "வேலையை விட்டு நிறுத்தலீங்க அம்மிணி, அவங்களே போறாங்க" என்று அந்தோணி அண்ணன் ஆறுதல் சொன்னார். தான் மறுத்தது சரியா என்று அக்கா பல முறை என்னிடம் கேட்டார். நான் விதியைச் சொன்னேன். அவர் கேட்டது விதியை அல்ல என்று எனக்கும் தெரியும். சர்க்கரை ஏறியது, இதயம் பலவீனமானது. சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்வார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியபோது, "மூடினா அந்தப் பசங்க எங்க போவாங்க?" என்று அதற்கும் கவலைப்பட்டார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது சித்தப்பா மகன் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். உண்மையாகவே கண் கலங்கினார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"பீரோச் சாவி யாருகிட்ட இருக்குது?" என்று கேட்டார் அக்கா.

"ஒடம்பைப் பாருங்கக்கா மொதல்ல."

"ஒடம்பை டாக்டரு பாக்கறாரு. சாவி யாருகிட்ட?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாள் அக்கா காலமானார்.

சித்தப்பா மகன் பாடைக்குத் தோள் கொடுத்தார். இப்போது, முதலாண்டு நினைவாக முருகன் கோயிலில் அக்கா பெயரில் அன்னதானம் செய்வதாகச் சொன்னார். அன்னதானம் வேண்டாம், பீரோவைத் திறந்து அந்தச் செருப்புகளை அந்தக் கால்களுக்குக் கொடுத்தால் போதும் என்றேன். "ஆளுக பாதிப்பேர் மாறிட்டாங்கண்ணா, அளவு சேராதுங்க" என்றார். கொண்டுவந்தால் சேர வைத்துத் தருகிறோம் என்று அந்தோணி அண்ணன் சொல்லியிருக்கிறார். "பாக்கலாமுங்க" என்றார் சித்தப்பா மகன்.

எங்கள் நன்றி: அக்காவை ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்ட செல்லத்தாய்க்கும் பிஜய்க்கும், இன்றும் கிருத்திகைச் செருப்பை விடாமல் தைக்கும் அந்தோணி அண்ணனுக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்துக்கு வந்து எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்த உறவினர்களுக்கும். அக்கா இருந்தபோது வந்திருந்தால் டீயே கிடைத்திருக்கும்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் இன்று வரை பீரோ திறக்கப்படவில்லை. எல்லோருக்கும் இதைச் சாதாரணத் தபாலில் அனுப்புகிறோம். சித்தப்பா மகனின் வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. ஆனாலும் அவருக்கு மட்டும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை இணைத்து அனுப்புகிறேன்.