டாக்டர் வீட்டு மீன் சட்டி

சனிக்கிழமை காலை ஆறே கால் மணிக்கு எழும்பூரில் இறங்கினேன். விழுப்புரத்திலிருந்து சென்னை சுமார் நூறு மைல். அந்த நூறு மைலையும் மூன்றாம் வகுப்பில், ஒரு காலை என் வசத்திலும் மற்றொரு காலை பக்கத்து ஆசாமியின் கூடைக்கு அடியிலும் வைத்துக்கொண்டு கடந்தேன். மடியில் ஒரு துணி மூட்டை. அதில் இரண்டு வீசை பழம்புளி.

சென்னைக்குப் போகிறவர்கள் பட்டணத்துக்குத் தேவையான சாமான் கொண்டு போவார்கள். நீ என்ன புளியைச் சுமந்துகொண்டு போகிறாய் என்று வாசகர்கள் கேட்கலாம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். நான் ஒரு முனிசிபல் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். நான் கரும்பலகையில் பசு வரைந்தால் பையன்கள், "சார், இது என்ன மேஜையா?" என்று மரியாதையாக விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கும் ஒரு நாக்கு இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பிரயாணம்.

போன வருஷம் யுத்தம் முடிந்த சமயத்தில் சென்னைக்கு வந்தபோது சாந்தோமில் ஒரு வீட்டைப் பார்த்தேன். டாக்டர் சூசைமாணிக்கம் என்பவர் வாழ்ந்த வீடு. பறங்கியர் காலத்திலிருந்து சாந்தோம் மாதா கோயில் பங்கிலேயே இருந்துவரும் கிறிஸ்தவக் குடும்பம். டாக்டர் ஏழைகளிடம் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். அவர் காலமான பிறகு இரண்டு பிள்ளைகளும், ஒருவர் கொழும்பிலும் ஒருவர் பம்பாயிலும் இருந்தபடியால், வீட்டை ஒரு கமிட்டியிடம் ஒப்படைத்தார்கள். அவர் உட்கார்ந்த நாற்காலி, மருந்து கலந்த கல்வம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜனங்கள் வந்து பார்க்கலாம். மகள் பிலோமினா கல்யாணம் செய்துகொள்ளாமல் முப்பது வருஷம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்கட்டு அறையில் அவர் "இருந்துகொள்ளட்டும்" என்று அண்ணன்மார் வாயால் சொன்னார்கள். பத்திரத்தில் எழுதவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. நான் ஒவ்வொரு அறையாகப் பார்த்து பக்தியோடு தலையை ஆட்டிக்கொண்டு வந்தபோது, சமையலறையிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது. என் தலை ஆடுவதை நிறுத்திவிட்டது. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு தட்டு எடுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அது ஒரு தலைப்பட்சமாகத்தான் இருக்கும். "புளி சரியில்ல சார், யுத்தப் புளி. நல்ல புளியா இருந்தா இன்னும் நல்லா வரும்" என்றார். புறப்படும்போது பார்வையாளர் புத்தகத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நாலு வரிக்கு இப்போது வருகிறேன்.

எட்டு மணி. டிராமில் ஏறி, நடுவில் ஒரு முறை மாறி, லஸ்ஸில் இறங்கினேன். அங்கிருந்து சாந்தோம் ஒரு மைல். ரிக்ஷாக்காரர் ஆறணா கேட்டார், நாலணாவுக்குச் சம்மதித்தார். மூட்டையை மோந்து பார்த்து, "இன்னா சார், மாமியார் ஊட்டுக்கா? கைல புளியோட போறியே, சண்ட வராது?" என்றார். சமுத்திரக் காற்று முகத்தில் அடித்தது. வீட்டு ஜன்னல் கண்ணாடிகளில் குண்டு வீச்சுக்குப் பயந்து பூசிய கறுப்புச் சாயம் இன்னும் திட்டுத்திட்டாக இருந்தது.

ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள். கட்டணம் இரண்டணா. வாசலில் காவல்காரர் ஏழுமலை. ஆற்றங்கரைக் குப்பத்திலிருந்து டாக்டர் காலத்திலேயே வேலைக்கு வந்தவர். "செருப்ப அங்க வுடு சார்" என்றவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஒன்ன எங்கியோ பாத்தாப்புல கீதே?"

"என் மூஞ்சி அப்படி. ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

கூடத்தில் டாக்டரின் நாற்காலி. சுவரில் புனிதர்களின் படங்கள், கீழே அணைந்த விளக்கு. பெட்டகத்தின் மேல் ஒரு கயிறு கட்டி "தொடாதே" என்ற அட்டை. எல்லாம் போன வருஷத்தைவிடச் சுத்தமாக இருந்தன. எனக்கு அவசரம் சமையலறைக்கு. அதன் வாசலிலும் கயிறு. அடுப்புக்கு உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பல்லி ஒன்று அதற்குள் நிம்மதியாகக் குடித்தனம் செய்துகொண்டிருந்தது. அடுப்பின் மேல் மண் சட்டி. பக்கத்தில் அழகான எழுத்தில் ஓர் அட்டை: "டாக்டர் குடும்பத்தார் உபயோகித்த மீன் சட்டி." அதை நான் அறிவேன். போன வருஷம் நான் வழித்துச் சாப்பிட்ட சட்டி அது. கயிற்றைத் தாண்டிப் போய்க் குனிந்து மோந்து பார்த்தேன். சுண்ணாம்பு நெடிதான் அடித்தது.

"டீச்சரம்மா எங்கே?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"அத்த ஏன் கேக்கற நைனா. ஆறு மாசம் ஆச்சி. தொரத்திட்டாங்க."

"யார்?"

"கமிட்டிக்காரங்கதான். ஆனா அவங்கள சொல்லி இன்னா பண்றது? எவனோ ஒரு பேமானி வந்து ஊட்ட சுத்திப் பாத்துட்டு, பொஸ்தகத்துல எழுதி வச்சிட்டுப் பூட்டான். மீன் கொழம்பு வாசன அடிக்குது, ஒடனே கவனின்னு. அதான் சாக்கு. மொதல்ல அடுப்பு பத்த வைக்கக் கூடாதுன்னாங்க. அப்பால, தங்கறதுக்கு இது இன்னா சத்திரமான்னாங்க. டீச்சரம்மா பொட்டிய எத்துக்கினு பூட்ச்சி. இப்ப அடையார்ல கீது."

கூடத்து மேஜையில் புத்தகம் இருந்தது. பக்கங்களைத் திருப்பினேன். "அருமை", "மிக அருமை", "தெய்வீகம்", "அருமை" என்று ஓடிய பக்கங்களுக்கு நடுவில், சிவப்பு மையால் அடிக்கோடு இடப்பட்டு, என் கையெழுத்து:

"வீடு பிரமாதம். எல்லா அறைகளிலும் டாக்டர் காலமாகிவிட்டார். சமையலறையில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறார். இங்கே வீசும் மீன் குழம்பு வாசனையில் சுவரிலுள்ள புனிதர்களுக்கே நாக்கு ஊறுகிறது. கமிட்டியார் இதை உடனே கவனிக்க வேண்டும்."

கடைசி வாக்கியத்தின் கீழ் சிவப்புக் கோடு இரண்டு.

ஏழுமலைக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இத்தான் அந்த எடம். அவன் மட்டும் என் கைல கெடச்சான்னு வையி..." என்றார்.

"என்ன செய்வீர்?"

"அடிக்கல்லாம் மாட்டேன். இதே சட்டில கொழம்பு வச்சி, அவன் எதிர்ல ஒக்காந்து நான் துன்னுவேன். ஒரு வாய் தர மாட்டேன்."

"சரியான தண்டனை" என்றேன். அவரோடு சேர்ந்து அந்த மனிதனை நானும் இரண்டு வார்த்தை திட்டினேன். நான் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் அருவருப்பானது எது என்று கேட்டால், புத்தகத்தில் எழுதினதைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

பன்னிரண்டரை மணிக்குத் தியாகராய நகரில் இருந்தேன். பனகல் பார்க்கிலிருந்து கால் மைல் நடந்தால் கமிட்டிக் காரியதரிசியின் வீடு. பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கொடியவர் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவர் எனக்கு மோர் கொடுத்தார், மின்சார விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். என் பெயரைச் சொன்னதும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது! வர்றவங்க எல்லாரும் அருமைன்னு எழுதிட்டுப் போயிடறாங்க சார். பொறுப்பா ஒரு குறையை எடுத்துச் சொன்னவர் நீங்க ஒருத்தர்தான். கமிட்டியில நானே எழுந்து நின்னு வாசிச்சேன்."

"யாரும் சிரிக்கலையா?"

"எதுக்குச் சிரிக்கணும்?"

"ஐயா, அது வேடிக்கைக்காக எழுதினது. குழம்பு நன்றாக இருந்தது என்று அர்த்தம்."

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார்.

நாற்பத்திரண்டு வயதுக்குள் நான் எத்தனையோ விஷயங்களைத் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். மனைவி கேட்டதில்லை, ஹெட்மாஸ்டர் கேட்டதில்லை, பையன்கள் கேட்டதே இல்லை. என் சொல்லை மதித்து ஒரு கூட்டம் கூடி, தீர்மானம் போட்டு, காரியத்தை நடத்தி முடித்தது இது ஒரு தடவைதான்.

நான் கெஞ்சினேன். எழுதியதை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அடுப்புக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, டீச்சரின் அறையில் மருந்து அலமாரியை வைத்தாகிவிட்டது என்றார்.

"பெற்ற மகள், ஐயா. அவர் பிறந்த வீடு."

"அவங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை சார். ஆனா ஒருத்தர் உள்ளே குடும்பம் நடத்தினா அது வீடு ஆயிடுமே. மியூஸியம் எப்படி ஆகும்?"

என் பரிதாப நிலையைப் பார்த்து அவருக்கே மனம் இளகிற்று. ஒரு சீட்டை எடுத்து எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். டீச்சர் எப்போது வேண்டுமானாலும் டிக்கெட் இல்லாமல் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம். நான் வெற்றி பெற்றவனைப் போல அதை வாங்கிப் பையில் வைத்தேன். புறப்படும்போது அவர் என் மூட்டையைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கூச்சத்தோடு வாங்கி உள்ளே கொடுத்துவிட்டார். இது உங்களுக்கு அல்ல என்று சொல்லத் தைரியம் வரவில்லை. டீச்சருக்கு வந்த புளி அன்று தியாகராய நகரில் ரசத்துக்குப் போயிற்று.

நாலு மணி. மயிலாப்பூருக்குத் திரும்பி, வேறு பஸ் பிடித்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அடையாற்றில் இறங்கினேன். பஸ்ஸில் இடமில்லாததால் பாலத்தின் நீளம் முழுவதும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. ஏழுமலை சொன்ன அடையாளப்படி, பாலத்திலிருந்து முக்கால் மைலில் ஒரு தோட்ட வீடு. டீச்சருக்கு அதன் பின்புறத்தில் ஓர் அறை. வீட்டுக்காரர்கள் சைவம், முட்டை ஓடு கண்ணில் பட்டால்கூடக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களாம்.

இரண்டு சிறுமிகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர் என்னைப் பார்த்ததும் அவர்களை அனுப்பிவிட்டார். போன வருஷத்தைவிட இளைத்திருந்தார்.

"டிராயிங் மாஸ்டர்! வாங்க சார். உக்காருங்க. தட்டு வைக்கத்தான் வழியில்ல. இங்க தெனமும் மோர் சாதம்தான்."

"டீச்சர், அந்தப் புத்தகத்தில் எழுதினவன் நான்தான்."

"தெரியும் சார். தெனம் சாயங்காலம் அந்தப் புஸ்தகத்தை எடுத்து யார் யார் என்ன எழுதியிருக்காங்கன்னு நான்தான் பார்ப்பேன். உங்களோடத அன்னைக்கே படிச்சேன். சிரிச்சு சிரிச்சு வயித்தை வலிச்சிச்சு. கமிட்டிக்காரங்க மாசம் ஒரு தடவைதான் பார்ப்பாங்க. கிழிச்சுப் போட்டிருக்கலாம்."

"ஏன் கிழிக்கல?"

"ரெண்டு நாள் கையில வச்சுக்கிட்டு யோசிச்சேன். எத்தனையோ பேர் எழுதினாங்க. வீட்டுக்குள்ள ஒருத்தி உயிரோட இருக்கான்னு தெரிஞ்சு எழுதினது நீங்கதான். அதைப் போய் எப்படிக் கிழிக்கிறது?"

வேடிக்கையாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் இது. புளி மூட்டை இல்லாத என் மடியைப் பார்த்துக்கொண்டேன்.

"ஏழுமலைகிட்ட உங்க பேரைச் சொல்லல" என்றார். பிறகு, மெதுவாக, "அடுப்பு இருக்கா சார்?"

"இருக்கிறது. வெள்ளையடித்திருக்கிறார்கள்."

"உள்ளேயுமா?"

"உள்ளேயும்."

அவர் சிலேட்டை எடுத்துச் சிறுமிகள் எழுதியிருந்த வாய்ப்பாட்டைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் காரியதரிசியின் சீட்டை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"'இதைக் கொண்டுவரும் பார்வையாளரை'... நல்ல எழுத்து. எத்தனை மணி வரைக்கும் சார்?"

"ஒன்பதிலிருந்து ஐந்து."

"ஞாயித்துக்கிழமை?"

"விடுமுறை."

"பூசை முடிஞ்சு நான் வீட்டுக்கு வர்றது ஞாயித்துக்கிழமைதானே" என்றார். என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்களைப் போலத் தமக்குள் சொல்லிக்கொண்டார். சீட்டை மடிப்புக் கலையாமல் மடித்து என் கையில் திருப்பி வைத்தார். "கோவிச்சுக்காதீங்க. அந்த வீட்டுக்கு விசிட்டராப் போக எனக்குத் தெரியாது. வீட்டுக்காரங்க வர்ற நேரம், நீங்க புறப்படுங்க."

ஆறரை மணிக்குப் பாலத்தை நடந்தே கடந்தேன். குப்பத்துப் பெண்கள் கூடைகளில் மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "இந்தா சார், வஞ்சரம்! வூட்டுக்கு எத்துக்கினு போ!" என்று கூப்பிட்டாள். வேகமாக நடந்தேன்.

இதை விழுப்புரத்தில் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுப்பு புகைகிறது. சுவரெல்லாம் கரி. என் மனைவி இருமிக்கொண்டே, இரண்டு வீசைப் புளி எங்கே போயிற்று என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறாள். இந்த வீட்டைப் பார்க்க யாரும் காலணா கொடுக்க மாட்டார்கள். அந்த ஒரு பாதுகாப்பு எங்களுக்கு இருக்கிறது.

வாசகர்கள் சாந்தோமுக்குப் போனால் அவசியம் டாக்டரின் வீட்டைப் பார்க்க வேண்டும். மிகச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். காரியதரிசியின் இலவசச் சீட்டு என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதில் யாருடைய பெயரும் இல்லை. வேண்டுகிறவர்கள் தபால் தலை வைத்து எழுதினால் அனுப்பி வைக்கிறேன். அது செல்லுபடியாகாத ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.