எல்கின் கண்ணில் வைத்த புள்ளி

மெதெயின் நகரத்துக்கு மேலே, எல் ஃபிலோ மேட்டில் எந்தப் பையன் சுடப்பட்டுச் செத்தாலும், பாதிரியாருக்கு முன்னால் டாமாரிஸ் வீட்டுக்குத்தான் ஆள் வரும். அவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது இது தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பையன் போன அன்று அவன் அம்மா வந்து, "நீதான் நல்லா வரைவியாமே, எம்புள்ளைய மூலைச் சுவத்துல போட்டுக் குடும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வரைந்தாள். அதோடு விட்டதா? அவளுக்குப் பதினாறு ஆவதற்குள், படிக்கட்டோரச் சுவர்களில் பாதி அவள் கைபட்ட முகங்கள்.

எல்லாம் அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து வரைந்தவை. செத்துப்போகிற பையன்களிடம் வேறு என்ன படம் இருக்கும்? அதனால் எல்லாரும் நேராக, விறைப்பாக, யாரோ அதட்டி நிற்கவைத்ததுபோல் இருப்பார்கள். கண்ணில் வெளிச்சம் பட்டு மின்னுமே, அந்த வெள்ளைப் புள்ளியை மட்டும் அவள் வைப்பதில்லை. முதல் படத்திலேயே வைக்கப் போனாள், கை வரவில்லை, விட்டுவிட்டாள். பிறகு அதுவே மேட்டு வழக்கமாகிவிட்டது.

இன்னொரு வழக்கம் அவள் பிறப்பதற்கு முன்பே இருந்தது. சுவரில் முகம் என்றால் செத்தவன் முகம். உயிரோடு இருப்பவனை வரைய மாட்டார்கள். எங்கள் மேட்டில் இதை நடக்கத் தொடங்கிய குழந்தைக்குக்கூட யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இது தெரியாதவள்தான் ரெனாத்தா. இளம் ஓவியர்களுக்குக் கைதேர்ந்த ஓவியர் ஒருவரைத் துணைக்கு வைத்து, ஆளுக்கொரு சுவரும் பெயிண்டும் சாரமும் கொடுக்கும் திட்டம் ஒன்று அந்த வருடம் மெதெயின் நகரத்தில் நடந்தது. டாமாரிஸுக்கு வாய்த்தவள் ரெனாத்தா. வெளிநாட்டில் மாடிக் கட்டிடங்கள் முழுக்க வரைந்தவள். கையில் எப்போதும் பெயிண்ட் கறை, வாயில் எப்போதும் ஒரு திட்டு. நல்ல மனசுக்காரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நல்ல மனசு புதன்கிழமை காலையில் கேபிள் காரில் ஏறி வந்து, சாயங்காலம் கேபிள் காரிலேயே இறங்கிப் போய்விடும். நாங்கள்தான் இங்கேயே கிடக்கிறோம்.

முதல் நாள் படிக்கட்டில் ஏறிக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மேலே வந்ததும் மூச்சு வாங்க, "கை இருக்குடி உனக்கு. ஆனா எல்லாரையும் பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு நிக்கவெச்ச மாதிரி வெச்சிருக்க. நிழலுன்னா கறுப்பை எடுத்து அப்பிடற. இந்த டப்பா இனிமே என்கிட்ட" என்று கறுப்புப் பெயிண்டைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கறுப்பு இல்லாம எப்படி புரோஃபே நிழல் போடறது?" என்றாள் டாமாரிஸ். சொல்லிக்கொடுக்கிறவர்களை இங்கே 'புரோஃபே' என்றுதான் கூப்பிடுவோம்.

"உங்கம்மா கழுத்தைப் போய்ப் பாரு. அங்க கறுப்பா இருக்கு?"

டாமாரிஸ் போய்ப் பார்த்தாள். எம்பனாடா பொரித்துக்கொண்டிருந்த அம்மா ஃபானியின் கழுத்தில் ஊதாவும் கொஞ்சம் பச்சையும் இருந்தன. இத்தனை நாள் இது தன் கண்ணில் படாமலா போயிற்று என்று அவளுக்கு வெட்கமாகவும், சொல்லத் தெரியாத சந்தோஷமாகவும் இருந்தது. அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கோழியை வரைந்தாள், வெயிலில் காயும் துணியை வரைந்தாள், படியேறும் கால்களை வரைந்தாள். ரெனாத்தா திட்டத் திட்ட, கோடு இளகி வந்தது.

அவள் அண்ணன் எல்கின் கேஸ் சிலிண்டர் சுமக்கிறவன். வண்டி ஏறாத மேட்டில் அவன் தோள்தான் வண்டி. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வாய் நிறையச் சிரிப்போடு அவன் படியேறும் படத்தைத் தங்கை ஒருநாள் காகிதத்தில் கிறுக்க, ரெனாத்தா அதைப் பிடுங்கிப் பார்த்தாள். காகிதத்தைப் படிக்கட்டுச் சுவருக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இதுதான் உன் சுவரு."

"உயிரோட இருக்கிறவங்களை வரைய மாட்டாங்க புரோஃபே."

"அதனாலதான் வரையணும். இந்த மேட்டுல செத்தவங்க போதும். ஒருத்தனாவது உயிரோட இருக்கட்டும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. செத்த முகங்களை வரைந்து வரைந்து அலுத்துப்போயிருந்த பெண்ணுக்கு அது தேனாக இனித்தது. எல்கினோ, "என்னைவிட அழகன் இங்க எவன் இருக்கான்? போடுடி!" என்று மீசை முளைக்காத இடத்தை முறுக்கினான். ஃபானி மட்டும், "வாயைக் கழுவுடா" என்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

நடுப்படிக்கட்டின் பெரிய சுவரில் படம் எழுந்தது. பின்னணி வெறுமையாக இருக்கிறது என்று ரெனாத்தா குறைசொன்னாள். "அவன் நெசமா நடக்கிற இடம் எதையாவது போடு." டாமாரிஸ் அண்ணன் போனைத் துழாவினாள். பச்சைப் பால்கனி, அதில் ஒரு குருவிக்கூண்டு. "எங்கடா இது?" என்று கேட்டாள். "கீழ ஒரு இடம்" என்றான் எல்கின், காது சிவக்க. ஏதோ பெண் விவகாரம் என்று புரிந்தது. சிரித்துக்கொண்டே கம்பி கம்பியாகக் கூண்டை வரைந்தாள். கடைசியில் ரெனாத்தா சின்னத் தூரிகையை நீட்ட, இரண்டு கண்ணிலும் வெள்ளைப் புள்ளியை வைத்தாள். அந்தக் கணம் சுவரில் அவள் அண்ணன் நிஜமாகவே மூச்சுவிட்டான். சாரத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

மறுநாள் காலை படத்தின் அடியில் யாரோ ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்திருந்தார்கள்.

எல்கின் அதை ஊதி அணைத்துவிட்டுச் சிரித்தான். அடுத்த நாள் இரண்டு எரிந்தன. மளிகைக் கடை டோன்யா ஒமைரா அவனிடம் மிச்சக் காசை எண்ணாமல் கொடுத்தாள். சிலிண்டர் வாங்குகிறவர்கள் "அப்படியே வாசல்ல வெச்சிட்டுப் போப்பா" என்றார்கள், முகம் பார்க்கவில்லை. பேரனுக்குப் பெயர் வைக்க இருந்த ஒரு வீட்டில் அவனை ஞானத்தந்தையாகக் கேட்டிருந்தார்கள். வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஆனால் எங்கள் மேட்டில் அப்போது வாய் எதுவும் திறக்கவே இல்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது டாமாரிஸுக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அவள் தூரிகை கழுவிக்கொண்டிருந்தபோது சுர்தோ வந்தான். இடக்கைக்காரன் என்பதால் அந்தப் பெயர். மேட்டில் யார் எந்த மூலை தாண்டலாம், யார் தாண்டக் கூடாது என்பதைச் சொல்கிறவன் அவன். போன வருடம் செத்த அவன் தம்பியையும் டாமாரிஸ்தான் வரைந்தாள். அவன் நின்று படத்தை நிதானமாகப் பார்த்தான், கண்காட்சிக்கு வந்தவன்போல.

"நல்லா வந்திருக்கு தங்கச்சி. சிலிண்டர் பளபளன்னு இருக்கு."

"தேங்க்ஸ்ணே."

"அந்தப் பச்சை பால்கனி எங்க பாத்து வரைஞ்ச?"

"ஃபோட்டோல."

"யாரு எடுத்த ஃபோட்டோ?"

அவள் தண்ணீரில் தூரிகையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"என் தம்பி விழுந்தது அந்தப் பால்கனிக்குக் கீழதான். கோட்டுக்கு அந்தப் பக்கம், எதிரிப் பசங்க எடத்துல. நம்ம ஆளு யாரும் போகக் கூடாதுன்னு சொன்ன எடம். அவன் கெடக்கும்போது மேல குருவி கத்திக்கிட்டே இருந்துச்சாம்." சுர்தோவின் குரல் உயரவே இல்லை. "ரெண்டு பக்கமும் போறவன் சிலிண்டரை மட்டுமா சுமப்பான்?"

"அண்ணே, அது ஒரு பொண்ணு விஷயம். சத்தியமா வேற ஒண்ணும்..."

"இருக்கலாம். என் தம்பிய நீ ஒரு பைசா வாங்காம வரைஞ்ச. நான் மறக்கல. அதனாலதான் பசங்களை அனுப்பாம நானே வந்தேன்." சுவரைச் சுட்டினான். "கண்ணுல வெளிச்சம் இருக்கு பாரு. நீ வழக்கமா வைக்கமாட்டியே. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரிபண்ணிடு."

போகும்போது அவள் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனான். அவள் சுவரில் இருந்த கூண்டை நிமிர்ந்து பார்த்தாள். ஊரே பார்க்கட்டும் என்று கம்பி கம்பியாகத் தானே வரைந்து அண்ணனைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

வீட்டில் சொன்னபோது எல்கின் முதலில் சிரித்தான். அம்மா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சுவத்தையே வெள்ளையடிச்சிடறேம்மா" என்றாள் டாமாரிஸ்.

"அழிச்சா அவன் பேச்சை மதிக்கலன்னு ஆகும். இன்னைக்கே வந்து நிப்பான்." ஃபானி அடுப்பை அணைத்தாள். அவள் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள். பதறினால் யோசிக்க முடியாது என்று தெரிந்தவள். "அவன் கேட்டது படத்துல இருக்கிற வெளிச்சத்தைத்தானே? அதைக் குடுத்துடு. அது போதும்னு அவனை நெனைக்க வைக்கறது என் வேலை."

சனிக்கிழமை நண்பகல், எல்லாரும் பார்க்க, எல்கின் காலிச் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு எப்போதும்போலப் படியிறங்கிப் போனான். வாசலில் அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. யாராவது பார்த்தால் சந்தேகம் வரும். "சாயங்காலம் சீக்கிரம் வாடா" என்று ஃபானி உரக்கச் சொன்னாள். "சரிம்மா" என்று அவனும் உரக்கச் சொன்னான். காலிச் சிலிண்டர் பேருந்து நிலையத்து ரொட்டிக் கடை ஓரத்தில் கிடைத்தது. அவன் ஏறிய பேருந்து எது என்று அந்த வீட்டு மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

டாமாரிஸ் கடையில் ஒரு கறுப்பு டப்பா வாங்கிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். ரெனாத்தா கறுப்பைத் தொடாதே என்று சொன்ன நாளிலிருந்து தொட்டதில்லை. அண்ணனின் சிரிப்புக்கு நேராக முகம் வைத்து, ஒரு கண்ணின் புள்ளியை மூடினாள், மறு கண்ணின் புள்ளியையும் மூடினாள். சிரிப்பு அப்படியே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிலுவைக்குறி போட்டார்கள். பிறகு ஃபானியின் ஓலம் கேட்டது. அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு படியில் விழுந்து புரண்டதைப் பார்த்தவர்கள் யாரும் உடல் எங்கே என்று கேட்கவில்லை. எங்கள் மேட்டில் அதைக் கேட்க மாட்டார்கள்.

ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. காப்பியும் ரொட்டியும் கொடுத்தார்கள். சுர்தோ வெள்ளைப் பூ வளையம் அனுப்பினான். கடைசி நாள் தானே வந்து, டாமாரிஸின் காதருகில், "நல்லா முடிச்சிட்ட. செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும். சுவரு பொய் சொல்லிச்சுன்னு ஆகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஃபானியின் கையை முத்தமிட்டுப் போனான்.

அந்த ஒன்பது நாளுக்குள் வந்த புதன்கிழமை ரெனாத்தா படத்தைப் பார்த்துக் கத்தினாள். "எவன்டி கண்ணைக் கெடுத்தது?" "நான்தான் புரோஃபே." அதற்குள் கறுப்பு உடையில் ஃபானி வந்து நிற்க, ரெனாத்தாவுக்கு எல்லாம் புரிந்ததுபோல் ஆயிற்று. டாமாரிஸைக் கட்டிக்கொண்டு, "என்னாலதான், என்னாலதான்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒரு வார்த்தை சொன்னால் அந்த அழுகை நின்றுவிடும். சொல்ல முடியாது. டாமாரிஸ் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதன்பிறகு ரெனாத்தா வரவில்லை. டாமாரிஸ் மீண்டும் அடையாள அட்டைப் படங்களைப் பார்த்து வரையத் தொடங்கினாள். கழுத்தில் மட்டும் ஊதாவும் பச்சையும் போடுகிறாள்.

எல்கின் தெற்கே தூரத்தில் ஒரு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். ஞாயிறுதோறும் தங்கை போனுக்கு அழைப்பான். முதலில் ஃபானி போர்வைக்குள் புகுந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தேம்பித் தேம்பிப் பேசுவாள். பிறகு பேச்சு குறைந்தது. பக்கத்து வீட்டார் இருக்கும்போது "எம்புள்ளை இருந்திருந்தா" என்று சொல்லத் தொடங்கியவள், யாரும் இல்லாதபோதும் அப்படியே சொன்னாள். அவன் சட்டைகளை எடுத்துத் தேவாலயத்தில் கொடுத்துவிட்டாள். வேஷத்துக்காகத்தான் என்று டாமாரிஸ் நினைத்துக்கொண்டாள்.

போன ஞாயிறு போன் அடித்தபோது கதவு சாத்தியிருந்தது. அடுக்களையில் தாயும் மகளும் மட்டும்தான்.

"அம்மா, எல்கின்" என்று போனை நீட்டினாள் டாமாரிஸ்.

ஃபானி கல்லில் அரெப்பா சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "யாருடி?"

"எல்கின்மா. லைன்ல இருக்கான்."

"செத்தவங்க பேரைச் சொல்லி வெளையாடாத. பாவம்."

குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. கண்ணைச் சிமிட்டவும் இல்லை. அடுத்த அரெப்பாவை எடுத்துத் தட்டினாள். டாமாரிஸ் போனைத் தன் காதுக்கு எடுத்துக்கொண்டாள்.

"ஹலோ? என்னடி, அம்மா இருக்காங்களா?"

"குளிக்கிறாங்கடா."

"சரி, அடுத்த வாரம் பேசறேன்னு சொல்லிடு."

"சொல்றேன்" என்றாள்.